கடைசி ஆளுக்கு மட்டும் மன்னிப்பு

பிப்ரவரி 9, 2025. மணலூர்பேட்டை.

நான் உருவாக்கும் கம்ப்யூட்டர் கேமின் கடைசிக் கட்டமும் முடிந்தது. பிரமாதமாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வார்கள்?

பெரிய கம்பெனி கேம்களில் ஒரே கதைதான். அப்பாவைக் கொன்றவனைத் தேடி ஒருத்தன் கிளம்புவான். வழியெல்லாம் நூறு பேரை நம் கையாலேயே வெட்ட வைப்பார்கள். கடைசி ஆள் வந்ததும் சோகமாக இசை போட்டு, மன்னித்துவிடு என்பார்கள். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? மற்றவர்களுக்கெல்லாம் பெண்டாட்டி பிள்ளை இல்லையா?

என் கேமில் கத்தியே கிடையாது. ஒரு கூட்டுக் கிணறு, இரண்டு பங்காளிகள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் முறை. எதிரியின் முறையைத் திருடி அவன் கரும்பைக் காயவிட்டால் ஜெயித்தோம். எதிரிக்குச் சித்தப்பா அரங்கநாதனின் முகத்தையே வரைந்துவிட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் முறையில் தன் மோட்டாரை ஓட்டியவர் அவர்தானே! கரும்பு காய்ந்தது, அப்பாவும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டோடு பேச்சில்லை.

பிப்ரவரி 16

அருள்மொழி திருக்கோவிலூரிலிருந்து போன் செய்தாள். காலேஜில் கூடப் படித்தவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். கேமை ஆடிப் பார்க்கக் கொடுத்திருந்தேன். "ஜெயிச்சிட்டேன்டி. அப்பால இன்னா பண்றதுன்னே தெரியல. அந்தாளு காஞ்ச கரும்புல நின்னுக்கினு இருக்கான். நானும் சும்மா நின்னுக்கினு இருந்தேன்."

எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 17

எதிரியை இன்னும் கெட்டவனாக்கினேன். போகிற வருகிற நாயை எல்லாம் உதைக்கிறான். பார்த்தால் எனக்கே சிரிப்பு. சித்தப்பா எந்த நாயை உதைத்தார்? அழித்துவிட்டேன்.

மார்ச் 2

சித்தப்பா உளுந்தூர்பேட்டையில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சித்தியும் துணைக்கு ஆஸ்பத்திரியில். நாளைக்கு அவர்கள் முறை, மோட்டார் போட ஆளில்லை.

அம்மா சொன்னாள்: "நம்ம மோட்டார போட்டு வுடு. நம்ம முறையில அந்த மனுசன் போட்டாரு இல்ல?"

போட்டாரு. ஆமா, போட்டாரு! எங்கப்பா மூச்சு வாங்கிக்கினு கெடந்தாரு, இவரு மடைய திருப்பிக்கினு இருந்தாரு — எப்படி மறக்கறது? நான் எழுதின கடைசிக் கட்டமே எதிர்ல வந்து நிக்குது. ஒரு பட்டன். தட்டினா இன்னா?

மார்ச் 3

கரண்ட் வந்ததும் கொட்டகைக்குப் போனேன். சித்தப்பாவின் மோட்டாரைத்தான் போட்டேன். மடையை அவர் கரும்புக்குத் திருப்பிவிட்டேன்.

மன்னித்தேனா? இல்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது. அருள்மொழி நின்ற இடத்தில் போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மாற்றுத் துணி எடுக்க வந்த சித்தி, மோட்டார் சத்தம் கேட்டுச் சண்டைக்கே வந்தாள். தண்ணீர் எங்கே பாய்கிறது என்று பார்த்ததும் தூக்கிச் செருகிய புடவையை இறக்கிவிட்டாள்.

"இன்னிக்கி உங்க முறைதான சித்தி" என்றேன்.

மார்ச் 5

மறுபடி அவர்கள் முறை. நான் எழுந்திருக்கும்போதே சித்தப்பாவின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி வந்துவிட்டாளோ என்று வாசலுக்குப் போனேன். அம்மா முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்துகொண்டிருந்தாள்.

"நான்தான் போட்டேன்னு அவகிட்ட போய் சொல்லிக்கினு இருக்காத" என்றாள்.