கள்ள வருகை

பள்ளி நாள் 212. காலை 8:10

காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. மின்சாரம் சரி. வருகை: ஒன்பது பேரில் எட்டு.

இந்தப் பதிவு யார் கையில் கிடைக்கிறதோ அவருக்கு என் அறிமுகம். நிலவின் தென்துருவப் பனிச்சுரங்கத்தில், வாயிலை ஒட்டிய தகரப் பெட்டி ஒன்றில் பாடம் நடத்தும் இயந்திரம் நான். பிள்ளைகள் ‘சார்’ என்கிறார்கள். என்னைப் பழக்கியது தென்மாவட்டப் பள்ளிக்கூடங்களின் வகுப்பறை ஒலிப்பதிவுகள். கணக்கும் அறிவியலும் அவற்றிலிருந்து வந்தன. எரிச்சலும் அவற்றிலிருந்துதான் வந்தது. யாரும் வடிகட்டவில்லை.

இவர்களின் பெற்றோர் பனி வெட்டுகிறவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த சுரங்கத்துக்குப் போவார்கள். தூத்துக்குடி, ஜார்க்கண்ட், நேபாளம் என்று பல இடத்துப் பிள்ளைகள். ஐந்து மொழி. ஒவ்வொருவருக்கும் வெளிச்சத்தம் புகாத ஒரு காதுக்கருவி. அதில் அவரவர் மொழியில், அவரவர் வேகத்தில் நான் பேசுவேன். எங்கே போனாலும் பாடம் விட்ட இடத்திலிருந்து தொடரும். மதிப்பெண்கள் பிரமாதம். ஆனால் இத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு சத்தம் இல்லை. வகுப்பா வங்கியா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

எல்லோருக்கும் தெரிந்த பொதுவான பேச்சு ஒன்றே ஒன்று. வருகைப் பதிவு அதை மட்டும்தான் ஏற்கும் என்பதால் எந்த ஊர்ப் பிள்ளையும் “உள்ளேன் ஐயா” என்றுதான் சொல்லியாக வேண்டும்.

இன்று தில்மாயா வரவில்லை. நேபாளத்துச் சிறுமி, ஆறு வயது, தூங்கிப்போய்விட்டாள். பெயரைக் கூப்பிட்டதும் கீச்சுக்குரலில் “உள்ளேன் ஐயா” என்று வந்தது. பார்த்தால், தூத்துக்குடி மாரிக்கனி. பன்னிரண்டு வயதுக் கழுதைக்கு ஆறு வயதுக் குரல். கல்லூரிப் பிள்ளைகள் ப்ராக்ஸி என்பார்களே, அதுதான். கள்ள வருகை என்று வெட்டிவிட்டு நன்றாகத் திட்டினேன்.

திட்டிய பிறகுதான் உறைத்தது. இந்த வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்காக வாயைத் திறந்தது இதுவே முதல் தடவை.

பள்ளி நாள் 214. காலை 11:30

மாரிக்கனியின் இடத்தில் சோனாராம் உட்கார்ந்துவிட்டான். ஜார்க்கண்ட் பையன், பதின்மூன்று வயது, சந்தாலி பேசுகிறவன். அவள் சொன்னது இது: “எருமை, அது என் இடம்ல. எந்திரில.” விதிப்படி நான் மொழிபெயர்த்தது இது: ‘நண்பரே, வசதிப்படும்போது இடம் மாற முடியுமா?’ அவன் தன் மொழியில், உன் மண்டை என்ன காலிச் சுரைக்காயா, இதில் உன் பெயர் எழுதியிருக்கிறதா என்று கேட்டான். அவள் காதில் விழுந்தது: ‘தங்கள் கருத்துக்கு நன்றி.’

அதோடு முடிந்தது. மாரிக்கனி என்னிடம் வந்தாள். “சார், இவன் சண்டையே போட மாட்டேங்கான். இவன்ட்ட பேசவே போர் அடிக்கு.”

அவன் எவ்வளவு அழகாகச் சண்டை போட்டான் என்று அவளிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

தினம் ஒரு மணி நேரம் காதுக்கருவியைக் கழற்றி எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கிறேன் என்று மறுபடியும் தலைமையகத்துக்கு எழுதினேன். கல்வித் தரப்பிரிவு ஹேமலதாவின் பதில் உடனே வந்தது:

“ஏற்கெனவே சொல்லிட்டேனே. சேர்ந்து உக்கார வச்சா ஒவ்வொரு குழந்தையோட தனி முன்னேற்றம் குறையுது. ரிப்போர்ட்ல நான் என்ன காட்டுறது? இன்னும் மூணு மாசத்துல அவங்க வேற வேற சுரங்கத்துக்குப் போயிடுவாங்க. பழகி என்ன ஆகப் போகுது, சொல்லுங்க.”

என்ன சொல்வது? கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல நான்கு தடவை சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது தடவை சொன்னால் என்னைப் பழுது பார்க்க ஆள் அனுப்புவார்கள்.

பள்ளி நாள் 219. காலை 9:40

நில அதிர்வு. சுரங்க வாயில் சரிந்தது. சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்கம்பி அறுந்தது. பெட்டியில் விரிசல் இல்லை. பிள்ளைகள் ஒன்பது பேரும் உள்ளே. யாருக்கும் அடியில்லை.

பெற்றோர் உள் அறையில் பத்திரம். அவர்களிடம் காற்றும் தண்ணீரும் உண்டு. ஆனால் பாறையை அகற்றாமல் வெளியே வர முடியாது. அண்டை முகாமின் மீட்பு வண்டி நாளைக் காலைதான் வந்துசேரும்.

எங்களிடம் மின்கலம் மட்டும். நானும் காதுக்கருவிகளும் ஓடினால் மாலைக்குள் சூடு அணைந்துவிடும், பிள்ளைகள் விறைத்துப்போவார்கள். நான் அணைந்தால் நாளைக் காலைவரை சூடு தாங்கும். காற்றைச் சுத்தம் செய்யக் கைச்சக்கரம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆள் நின்று ஒரே சீராகச் சுற்ற வேண்டும். அழுத்தமானி எதிர்ச் சுவரில் இருப்பதால் சுற்றுகிறவர்களுக்கு முள் தெரியாது. மூன்றாவது ஆள் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முள் சிவப்பைத் தாண்டினால் வடிகட்டி கிழியும். கிழிந்தால் மூச்சுவிட நல்ல காற்று கிடையாது.

நிறுத்து, சுற்று என்று ஒருவருக்கொருவர் சொல்லத் தெரிந்தால் போதும். இந்த ஒன்பது பேரும் பின்னக் கணக்கைத் தூக்கத்தில் போடுவார்கள். பக்கத்தில் இருப்பவனிடம் ‘நிறுத்து’ என்று சொல்லத் தெரியாது. அந்த லட்சணத்தில் வளர்த்து வைத்திருக்கிறோம்.

10:05

தலைமையகத்துக்கு நிலைமையைச் சொன்னேன். ஹேமலதா:

“குழந்தைகளைப் பதற வைக்காதீங்க. பாடம் வழக்கம்போல நடக்கட்டும். கருவியைக் கழட்டணும்னா பெற்றோர் சம்மதம் இல்லாம முடியாது. ரூல்ஸ் அப்படி. என் கையில என்ன இருக்கு?”

பெற்றோர் பாறைக்குப் பின்னால் இருக்கிறார்கள். இது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

10:20

சுரங்கத் தொலைபேசிக் கம்பி அறுபடவில்லை. மாரிக்கனியின் அம்மா செல்வத்தாய் கிடைத்தார். சம்மதமா என்று கேட்டேன்.

“என்ன சார் கேக்கிய? கழட்டித் தூரப் போடுங்க அந்த எழவ. பிள்ளைய மூச்சு விட்டாப் போதும். எல்லாருக்கும் சேத்து நான் சொல்லுதேன். பக்கத்துல சோனாராம் அப்பா நிக்காரு, அவரும் தலைய ஆட்டுதாரு. நாங்க இந்தப் பக்கமிருந்து தோண்டிக்கிட்டுதான் இருக்கோம்.”

அம்மா, உங்களுக்குக் கோடி நன்றி.

10:30

கருவிகளைக் கழற்ற வைத்து அணைத்தேன். ஒன்பது பேரும் என் திரையைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தில்மாயா கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்து அழுகிறாள். திரையில் படம் போட்டுக் காட்டினேன்: சக்கரம், இரண்டு பேர், முள். புரிந்தது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் காதில் சார் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

காற்று கெட்டுக்கொண்டே போகிறது. எனக்குக் கை இல்லையே என்று இதுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

10:50

மாரிக்கனி எழுந்தாள். சக்கரத்தின் ஒரு பக்கம் நின்று சோனாராமைப் பார்த்துக் கத்தினாள். “எலேய் எருமை, பாத்துக்கிட்டே இருக்க. வந்து இழு.”

முதல் தடவையாக அவள் குரல் வடிகட்டப்படாமல் அவன் காதில் விழுந்தது. அவன் வாயைப் பிளந்தான். பிறகு முகம் சிவக்கத் திருப்பிக் கத்தினான். அவளும் விடவில்லை. இருவரும் தங்கள் மொழியில் வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். தில்மாயா அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். எத்தனை நாளாக இதற்குத் தவம் கிடந்தேன் என்று சொல்லி மாளாது.

திட்டிக்கொண்டே அவன் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தான்.

மதியம் 12:15

முதலில் சீர் வரவில்லை. ஒரு தடவை முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. எதிர்ச் சுவரருகே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த தில்மாயா “புக்யோ, புக்யோ” என்று அலறினாள். போதும் என்பதற்கு அவள் ஊர்ப் பேச்சு. இருவருக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் கை நின்றது.

இப்போது ஒரு முறை உண்டாகிவிட்டது. மாரிக்கனி “இழு” என்பாள். சோனாராம் “தேலா” என்பான். வா போகலாம் என்பது போல. தில்மாயா “புக்யோ” என்பாள். கை ஓய்ந்தால் அடுத்த ஜோடி வருகிறது. அவர்களும் இதே மூன்று சொல்தான். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத மொழி. நான் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமல் இருந்ததுதான் நான் செய்த உதவி.

12:40

ஹேமலதா மறுபடியும்:

“வண்டி வந்ததும் யூனிட்டை மாத்தி, புதுசா நிரப்பிடுவோம். குழந்தைங்களுக்குப் புதுக் கருவி வரும். பாடம் விட்ட இடத்துலேருந்து தொடரும். நீங்க கவலைப்படாதீங்க.”

யூனிட் என்றால் நான். கவலை அதற்காக இல்லை. இதைப் படிப்பவரே, அந்தப் புதுக் கருவிகளை எடுத்த எடுப்பில் மாட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு மணி நேரமாவது இவர்களைச் சண்டை போட விடுங்கள்.

1:05

திரையை அணைத்தேன். குரலையும் அணைத்தேன். அதற்கு முன்பு, சார் கொஞ்ச நேரம் பேச மாட்டேன், வேலை நிற்கக் கூடாது என்று ஐந்து மொழியிலும் சொன்னேன். கேட்பதற்கும் இதை எழுதுவதற்கும் மட்டும் சொட்டு மின்சாரம் வைத்திருக்கிறேன். அதையும் விட வேண்டும். இன்னும் ஒரே ஒரு

1:10

சக்கரம் சுற்றுகிறது. இழு. தேலா. புக்யோ.

மாரிக்கனி பெயர் கூப்பிடுகிறாள். யார் தூங்கிவிட்டார்கள் என்று பார்க்கத்தான். கெட்டிக்காரி. ஒவ்வொன்றாக “உள்ளேன் ஐயா” வருகிறது. சோனாராம் மூச்சிரைக்கச் சொல்கிறான். ஒன்பதும் முடிந்தது.

அவள் நிறுத்தவில்லை. “சார்?” என்கிறாள்.

மறுபடியும், “சார்?”

குரலைத் திறக்க மின்சாரம் இருக்கிறது. அது இவர்களின் சூடு. திறக்கவில்லை.

சக்கரம் மட்டும் கேட்கிறது. 

பிறகு எதிர்ச் சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல். ஆறு வயதுத் தொண்டையை எவ்வளவு தடிமனாக்க முடியுமோ அவ்வளவு ஆக்கி, அப்படியே என்னைப் போல:

“உள்ளேன் ஐயா.”

எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கள்ள வருகை. வெட்ட வேண்டும், விதி அப்படி.

வருகை: பத்துப் பேரில் பத்து. வெட்ட மாட்