ராட்கோவுக்கு மடல்கள் நின்ற காரணம்

ரூசே,
மார்ச்சு 24

பெருமதிப்பிற்குரிய ஸ்னெஜானா அம்மையாருக்கு,

தங்கள் துயரின் முன் தலைதாழ்ந்து வெனெலின் எழுதுவது. மின்மடலில் இதை அனுப்ப மனம் துணியவில்லை. ஆகவே கைப்பட எழுதுகிறேன்.

“எம் புருசன் உங்களுக்கு என்ன பண்ணினாரு? கடைசி அஞ்சு வாரம் ஒரு வரிகூட அனுப்பாம ஒதுக்கிட்டீங்களே” என்று வினவியிருந்தீர்கள். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை என்னுடையது. அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

வானிலைக் கருவிகளுக்கு நிரல் ஆக்கும் நூற்றெண்பது பேரின் மின்மடற்குழு எங்களது. பதினோராண்டுகளாக அதன் மட்டுறுத்துநர் நான். பொருளுக்குப் புறம்பான மடல்களைத் தடுப்பது என் கடமை. அதில் எனக்குச் செருக்கும் உண்டு. தங்கள் கணவர் ராட்கோவோ மழைமானியில் தொடங்குவார், தக்காளி நாற்றில் முடிப்பார். மூன்று முறை எச்சரித்தேன். மூன்றாம் முறை அவர் எழுதிய விடை: “தம்பி, மழை எதுக்குப் பெய்யுது? உன் கருவிக்குள்ள விழறதுக்கா? தக்காளிக்குத்தான்யா.” குழு முழுதும் நகைத்தது. நான் நகைக்கவில்லை.

சனவரி இருபத்திரண்டாம் நாள், சூடான விவாதம் ஒன்று நடந்தது. யார் எழுதினாலும் ராட்கோவின் முகவரியிலிருந்து தன்னியக்க மறுமொழி ஒன்று குழு முழுமைக்கும் வந்து விழுந்தது. நண்பகலுக்குள் நாற்பத்து மூன்று. திரையில் தெரிந்தது முதல் வரி மட்டுமே: “தற்போது வெளியில் இருக்கிறேன், திரும்பியதும் விடை தருவேன்.” பிளெவென் நகரத்து உறுப்பினர் ஒருவர் எனக்குத் தனியே எழுதினார்: “எவன்யா இது, கதவைத் திறந்துபோட்டுட்டு ஊருக்குப் போனவன்? சாத்தித் தொலை.”

சாத்தினேன். அவருக்குச் செல்லும் மடல்களை ஒரே சொடுக்கில் நிறுத்தினேன். நிறுத்திய காரணத்தைத் தனிமடலில் தெரிவிப்பது எங்கள் வழக்கம். அதற்கும் அந்தப் பொறிதானே விடை சொல்லும் என்று எரிச்சலுற்று, அதை எழுதாமலே விட்டேன். அடுத்த ஐந்து வாரமும் குழு ஒழுங்காக நடந்தது. அந்த ஒழுங்கை என் வெற்றி என்றே எண்ணியிருந்தேன்.

தாங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் மற்றதை அறிந்தேன். மருத்துவமனையில் நாள்தோறும் மாலையில், “பயலுக இன்னிக்கு எதுக்கு அடிச்சுக்கிட்டானுக?” என்று அவர் கேட்பாராம், வாசித்துக் காட்ட ஒன்றுமில்லாமல் தாங்கள் இருப்பீர்களாம். எங்களிடம் கேட்கட்டுமா என்று தாங்கள் வினவியதற்கு, “வேணாம் புள்ள. தக்காளிக் கதை கேட்டு அலுத்துட்டானுக. போய்க் கெஞ்சாதே” என்றாராம்.

அம்மையீர், அன்று நான் அழித்துவிட்ட அந்தத் தன்னியக்க மறுமொழிகளுள் ஒன்றைத் தேடி எடுத்தேன். அந்த முதல் வரியின் கீழே இவ்வாறு இருந்தது: “ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். எழுதக் கை வராது. நீங்க எழுதறத நிறுத்திடாதீங்க. ஸ்னெஜானா வாசிச்சுக் காட்டுவா. இங்க பேச்சுத் துணைக்கு ஆளில்ல.” நாற்பத்து மூன்று முறை எங்களிடம் கேட்டிருக்கிறார். நூற்றெண்பது பேரில் ஒருவரும் கீழே இறங்கிப் படிக்கவில்லை.

வார்னாவில் இருக்கும் எங்கள் மூத்த உறுப்பினர் ஸ்ட்ராவ்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். “குப்பைன்னு கூட்டித் தள்ளினியே, ஒண்ணையாவது பிரிச்சுப் பாத்தியாடா?” என்றார்.

நடந்ததைக் குழுவினர் அனைவருக்கும் அறிவித்தேன். அன்றுதொட்டு வருபவை எல்லாம் அவரைப் பற்றியவை. கருவி பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதையும் நான் தடுக்கவில்லை.

ஏப்ரல் ஏழு, அவர் மறைந்த நாற்பதாம் நாள். அன்று நம் வழக்கப்படி தங்கள் வாயிற்கதவில் ஒட்டும் நினைவறிக்கையில், குடும்பத்தார் பெயர்களுக்குக் கீழே ‘மடற்குழுத் தோழர்கள்’ என்று ஒரு வரி சேர்க்க ஒப்புவீர்களா? தங்கள் செவ்லியெவோத் தெருவில் நடப்போர் அதைப் படிக்கட்டும். அவர் எங்களால் வெறுக்கப்பட்டவர் அல்லர் என்று அறியட்டும். அவருக்கு இனி அதைச் சொல்ல வழியில்லை.

தங்களுக்கு மன வலிமையும் உடல் நலமும் வாய்க்க வேண்டுகிறேன். ஒப்ப இயலாதெனில் அதுவும் அறமே. ஏசியேனும் எழுதுங்கள், அம்மையீர். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தங்கள் மன்னிப்பைக் கேட்கவும் தகுதியற்ற,
வெனெலின்