இருநூற்றுப் பத்து டிகிரி

நாள் 388, 07:10
ஜெசிந்தா எழுதுகிறேன். மர வேதியியலாளர், வயது ஐம்பத்தொன்று, சொந்த ஊர் மார்த்தாண்டம், தற்போதைய விலாசம் செவ்வாய். கூடத்தில் காற்றழுத்தம் சரி. வெப்பம் 22. ஈரப்பதம் 61, கொஞ்சம் அதிகம். என்னுடன் இருக்கும் ஒரே ஆள் அஜின், பனிக்கட்டி தோண்ட வடக்கே போய் எட்டு நாள் ஆகிறது. கூரையைத் தாங்கும் பன்னிரண்டு மர வளைவுகளையும் துடைத்தேன். ஏழாவதில் வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி ஏதோ.

நாள் 389, 09:40
காளான். நகத்தால் அழுத்தினால் மரம் உள்ளே போகிறது. கூரை மேல் மூன்று மீட்டர் மண். கணக்குப் போட்டேன். அறுபது நாள் தாங்கும்.

இந்த மரத்தைப் பதப்படுத்தாமல் அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டவளே நான்தான். செவ்வாயில் ஈரமே கிடையாது, எது அழுகப் போகிறது என்று எல்லோரும் கூடி முடிவு செய்தோம். வெளியே ஈரமில்லை, உண்மை. உள்ளே இரண்டு பேர் ஒரு வருஷமாக மூச்சு விட்டிருக்கிறோம். மரம் அதைக் குடித்திருக்கிறது. மெத்தப் படித்தவர்கள் லட்சணம் இது.

நாள் 391, 11:05
அஜினிடமிருந்து: "வண்டிச் சக்கரம் ரெண்டு போச்சுக்கா. உருட்டிட்டுதான் வாறேன். பதினேழு நாளாவும். எனக்காவ நிக்காண்டாம், நீங்க கப்பல்ல போங்க."

பூமியின் தரை நிலையத்திலிருந்து: "கூடத்தைக் கைவிடவும். கப்பல் நாள் 400 அன்று புறப்படும். தாமதிக்க இயலாது."

அவன் வந்து சேர 408 ஆகும். அடுத்த கப்பல் இரண்டு வருஷம் கழித்து. நான் போனால், விழப்போகிற கூரைக்குக் கீழே அவன் தனியாகக் கிடந்து சாவான்.

நான் அனுப்பியது: "வாய மூடிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

நாள் 394, 14:30
மரத்தின் நார்களுக்கு நடுவே பசை போல ஒரு சர்க்கரைப் பொருள் உண்டு. ஈரத்தைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் அதுதான். காளானுக்கு முதல் பந்தியும் அதுதான். பிராணவாயு இல்லாமல் மரத்தை வேகவைத்தால் அது சிதைந்து வினிகர் ஆவியாகப் போய்விடும். இங்கே வெளிக்காற்று முழுக்கக் கரியமில வாயு. மரம் வேகும், எரியாது.

சின்ன உலையில் மூன்று துண்டுகள் வைத்தேன். 180 டிகிரித் துண்டு தண்ணீர்த் துளியைக் குடித்துவிட்டது. 230 முறுக்குப் போல ஒடிந்தது. 210 காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது, துளி அதன் மேல் உருண்டு நின்றது. வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. போகட்டும், மீதி போதும்.

நாள் 397, 10:15
வளைவுகளைக் கழற்ற முடியாது, மண் இறங்கிவிடும். ஆகவே கூடத்தையே உலையாக்கப் போகிறேன்.

தரை நிலையம்: "210 டிகிரிக்கு அனுமதி இல்லை. விதிப்படி உச்சவரம்பு 180. உடனே கப்பலுக்குச் செல்லவும்."

விதி எழுதியவர் என் காளானைப் பார்த்ததில்லை. மூன்று ஹீட்டர்களைக் கூடத்துக்குள் இழுத்து வைத்தேன்.

நாள் 400, 16:20
கப்பல் போய்விட்டது. டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். பயந்தேன், அழுதேன். பிறகு மிச்ச டீயையும் குடித்தேன்.

நாள் 403, 05:00
சாப்பாடு, தண்ணீர், காற்றுத் தொட்டி எல்லாம் நிலவறைக் குழியில். கூடத்தில் வெளிக்காற்றை அடைத்தாயிற்று. மூன்று ஹீட்டர்களும் ஓடுகின்றன. வெந்து ஆற பன்னிரண்டு மணி நேரம், ஹீட்டர்கள் தானாக அணையும், ஆறியதும் நல்ல காற்றும் தானாக நிரம்பும். நான் விண்ணுடுப்போடு வாசலுக்கு வெளியே. என்னிடம் பதினான்கு மணி நேரக் காற்று.

11:30
இரண்டாவது ஹீட்டர் செத்துவிட்டது. இன்னும் ஆறு மணி நேரம் கூடும். உடுப்பில் காற்று நிரப்பும் தொட்டிக் குழாயின் வாய் வெந்துகொண்டிருக்கும் கூடத்துக்குள் இருக்கிறது.

தரை நிலையம்: "நிறுத்தி, ஆறவைத்து, உள்ளே செல்லவும்."

நிறுத்தினால் நான் பிழைப்பேன். மறுபடி சூடேற்ற இந்த ஹீட்டர்கள் தாங்காது. அரைவேக்காட்டு மரத்தைக் காளான் தின்று முடிக்கும், இரண்டு பேருமே மண்ணுக்குள் போவோம். வானொலியை அணைத்துவிட்டேன்.

16:10
207. ஏறுகிறது.

17:25
210. நிற்கிறது. முதுகைச் சுவரில் சாய்த்திருக்கிறேன். கதகதப்பாக இருக்கிறது. என் கையெழுத்தை நானே அடித்துத் திருத்திவிட்டேன்.

18:40
அஜின், உள்ளே போனதும் தலைக்கவசத்தைக் கழற்றாதே. ஏழாவது வளைவில் ஒரு துளி தண்ணீர் விடு. மரத்துக்குள் இறங்கினால் என்னைத் திட்டு. வாசலுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், இந்த ஒரு தடவை எதிர்த்துப் பேசமாட்டேன்.

உருண்டு நின்றால் கவசத்தைக் கழற்று. வினிகர் வாடை அடிக்கும். தாராளமாக மூச்சு விடு, எனக்கும் சேர்த்து. மரம் இனி அதைக் குடிக்காது