தினமும் இரண்டு முட்டை

அக்கா,

இன்று காலை முட்டை அவித்தேன். ஓட்டை உரிக்கும்போது வந்த வாசனையில் வேலம்பாளையத்தில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய லைன் வீடும், சுவரோரம் பாயில் படுத்திருந்த நீங்களும் கண்முன் வந்துவிட்டீர்கள். என் வீட்டுக்காரருக்குக் குடலில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாளாகிறது. அன்று உங்களுக்குச் செய்த அதே ஆபரேஷன்.

பனியன் கம்பெனியில் நீங்கள் ஓவர்லாக் மெஷினில் தையல், நான் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங். தென்காசிப் பக்கத்திலிருந்து தனியாக வந்தவர் நீங்கள். பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தத்துல ஆல்புமின்னு ஒரு புரதம் இறங்கிடும். உடம்பு அதை விட்டுட்டு, காயத்தோட போராடற வேற புரதங்களைச் செய்யப் போயிடும். தினமும் ரெண்டு முட்டை குடுங்க."

எனக்குத்தான் டாக்டரைவிட அதிகம் தெரியுமே! அறுத்த உடம்புக்கு எங்கள் வீட்டில் பத்தியம்தான். முட்டை, பருப்பு, கறி எதுவும் ஆகாது, புண் சீழ் வைக்கும் என்பார்கள். அரிசிக் கஞ்சியும் சுட்ட அப்பளமும் கொடுத்தேன்.

"ஒரே ஒரு முட்டை அவிச்சுத் தா புள்ள, நாக்கு செத்துப்போச்சு."

"சும்மா இருங்கக்கா. புண்ணு ஆற வேண்டாமுங்களா?"

இரண்டு வாரத்தில் உங்கள் காலும் முகமும் உப்பின. "அக்காவுக்கு உடம்பு வெச்சிருக்குங்க, எல்லாம் என்ற கைப்பக்குவம்" என்று லைன் வீடு முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஆல்புமின் இன்னும் இறங்கியிருந்தது. டாக்டர் உங்கள் காலை அழுத்தினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. உடம்பு வைக்கவில்லை, நீர் கோத்திருந்தது.

"முட்டை குடுக்கறீங்களா?"

காத்திருந்த அத்தனை நோயாளிகள் முன்னால் திட்டு வாங்கக் கூசி, "தினமும் ரெண்டுங்க" என்றேன். அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா டாக்டர்" என்றீர்கள்.

அப்படியானால் கோளாறு வேறெங்கோ என்று அவர் உங்களை அங்கேயே சேர்த்துக்கொண்டு கிட்னி, ஈரல் எனத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் தையல் பிரிந்தது, காய்ச்சல் வந்தது. நீங்கள் வீடு திரும்பவில்லை.

முட்டை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பீர்களா, தெரியாது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் டாக்டருக்காவது வழி தெரிந்திருக்கும். ஒரு திட்டுக்குப் பயந்தேன், அவ்வளவுதான். நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று வேறொரு டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். "தினமும் ரெண்டுங்க" என்றேன். இந்த முறை பொய் இல்லை. ஆனாலும் தலை நிமிரவில்லை அக்கா. என்னைக் காப்பாற்ற நீங்கள் சொன்ன அந்த "ஆமா டாக்டர்" இன்னும் என் காதில் இருக்கிறது.