உடும்பு பார்க்கப் போன அம்மா

வோபர்ன், ஸ்காபரோ
தை மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள மகள் சாம்பவிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இங்கே முழங்கால் அளவுக்குப் பனி. நீ காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

பிக்கரிங் மாப்பிள்ளைச் சம்பந்தத்தை வேண்டாம் என்றுவிட்டு நீ முதலை உடும்பை ஆராய நியூகினிக் காட்டுக்குப் போன நாளிலிருந்து அம்மா உன்னோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் போன் வந்தால் உன் குரல் கேட்காதபடி குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். உடும்புப் பிடி என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோயிலில் ரதி அன்ரி வேறு, "மாஸ்டர்ஸ் படிச்ச பிள்ளை காட்டிலை உடும்பு பிடிக்குதாமே?" என்று கேட்டுவிட்டார். அம்மாவின் முகம் கறுத்துப்போனது.

போன சனிக்கிழமை அவராகவே கேட்டார், "உந்த முதலை உடும்பு இஞ்சை எங்கையும் இருக்கே?" என்று. ஊர்வன வைத்திருக்கும் காட்சியகம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். ஊர் உடும்பு அளவுதான் இருக்கும் என்று நினைத்து வந்தவர் கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் ஓரடி பின்வாங்கினார். அது என்னைவிட நீளம், ஆனால் பெரும்பங்கு வால்தான். கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளிகள். கொப்பில் நகத்தை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்தது.

அங்கே வேலை செய்யும் யோசப் மட்டக்களப்புக்காரர். வால் கொப்பில் சமநிலைக்கும் உதவும், கோபம் வந்தால் சவுக்காகவும் வீசும் என்றார். பறவையைக் கவ்வத்தான் பல் அவ்வளவு நீளமாம். "காட்டிலை இது எப்பிடிச் சீவிக்குது எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. உயரத்திலை இருக்கிறதாலை ஏறிப் பார்த்த ஆக்கள் குறைவு" என்றார்.

"என்ரை மகள் ஏறிப் பார்க்கிறாள்" என்றார் அம்மா.

நான் அடுத்த கூட்டில் இருந்த பல்லியைப் பார்ப்பதுபோல மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது காரில் அம்மா ஒரு கேள்விதான் கேட்டார். "அவள் மேலை ஏறேக்கை கீழை ஆர் நிக்கிறது?" உன்னோடு வேலை செய்யும் கிளடிஸ்தான் கீழே நின்று கயிறு பிடிக்கிறாள் என்று நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும், "எனக்குத் தெரியாது, அவளிட்டையே கேளும்" என்றுவிட்டேன்.

இந்தப் பொதியில் இருக்கும் மிளகாய்த்தூள் அம்மா நேற்று வறுத்து அரைத்தது. தடித்த கையுறை நான் வாங்கியது. காலமெல்லாம் லிஃப்ட் திருத்தியவன் சொல்கிறேன், கயிறு உரசித் தும்பு தெரிந்தால் யோசிக்காமல் வெட்டி எறி.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் எடுக்கும் நேரத்தில் நான் வெளியே பனி தள்ளிக்கொண்டிருப்பேன். பனி இல்லாவிட்டாலும் தள்ளுவேன். நீ எடு. மணி நிறைய நேரம் அடிக்கும், பிள்ளை, வைத்துவிடாதே. அம்மா குழாயைப் பூட்டிவிட்டு வரவேண்டும்.

மரத்திலும் தரையிலும் முருகன் உன்னோடு இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா
சச்சிதானந்தன்