கயிலாயத்தின் நீல நிழல்

பக்கத்து வீட்டுத் தச்சர் இன்று வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறார். தெருவே மூக்கைப் பொத்திக்கொள்கிறது. நான் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். நீ இருந்தவரை, நாடகத் திரைக்கு வர்ணம் குழைக்க அதைத்தானே காய்ச்சுவாய்.

கொல்லிமலைத் திருவிழா நாடகத்துக்குக் கயிலாயத் திரை வேண்டும் என்றார் நம் கம்பெனி முதலாளி. பனிமலையை நம்மில் யாரும் பார்த்ததில்லை. கயிலாயத்திலேயே குடியிருக்கும் சிவன் வேஷக்காரரும் பார்த்ததில்லை. வசனம் எழுதுகிறவன் என்ற உரிமையில், புத்தகங்களில் கண்டதைச் சொன்னேன். ஜப்பான்காரர் தாளில் ஓரிடத்தை வரையாமல் விட்டுவிட்டு அதையே பனி என்பார். டச்சுக்காரர் உறைந்த ஆற்றில் ஊரையே சறுக்கவிட்டு, விழுந்தவரையும் விடாமல் வரைவார். நம் கோயில் சுவர்க் கயிலாயத்திலோ மரம் பூத்திருக்கும், மயில் ஆடும், குளிருக்கு மட்டும் அனுமதியில்லை.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு சீமை பிஸ்கட் டப்பாவின் மூடியைக் காட்டினாய். அதில் பனியின் நிழல் நீலமாக இருந்தது. உன் திரையிலும் நீலமானது.

முதலாளி கொதித்தார். "பனி வெள்ளைன்னு பச்சக் கொழந்தைக்கும் தெரியும். சனம் சிரிச்சுதுன்னா, திரையோட நீயும் ஊட்டுக்குப் போயிக்கலாம்."

திரையைச் சுருட்டி, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தோள் மாற்றித் தோளில் மலையேற்றினோம். தை மாதக் குளிர். மலைமேல் திண்ணனூர் நாட்டுத் திருவிழாவில், பொழுது சாய்ந்ததும், உன் பனிக்கு முன்னால் சிவன் வெற்றுடம்பில் விபூதியோடு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் மேடையேறித் தன் கம்பளியை அவர்மேல் போர்த்தினார். "வெறும் ஒடம்போட இந்த மலையில குந்தியிருந்தா என்னத்துக்கு ஆகும் சாமி?" சிவன் வசனத்தை மறந்து அவரைக் கும்பிட்டார்.

உன் வேலை தப்பியது. நீல யோசனை தன்னுடையது என்று முதலாளி மறுநாளே சொல்லத் தொடங்கினார். உனக்கு மட்டும் நிம்மதியில்லை. "குளிரு என் திரையில இருந்துச்சா, மலையில இருந்துச்சாப்பா?"

அதைத் தெரிந்துகொள்ளச் சித்திரை வரை காத்திருந்தாய். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் அதே நாடகம். கொட்டகை முழுக்க விசிறிகள். கயிலாயம் இறங்கியதும் முன்வரிசையில் ஒருவர் விசிறியைக் கீழே வைத்தார். தூங்கிவிட்டார் என்றேன்.

"தூங்கறவன் துண்டை இழுத்துப் போத்துவானாப்பா?" என்றாய்.

எட்டிப் பார்த்தேன். தோளை மூடிப் போர்த்தியிருந்தார்.

நிஜப் பனியை நான் இன்னும் பார்க்கவில்லை, அவசரமும் இல்லை. யாராவது ஒரு பனிப்படத்தின் முன் நின்றால், படத்தை விட்டுவிட்டு அவர் தோளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.