பூஜைக்கு வைக்காத வால்வு

அம்மா, இதை யாருக்கும் காட்டிவிடாதே. அங்கே நம் ஜோகுபாளையத்து ஆட்கள் யாராவது வந்து சேர்ந்திருந்தால் அவர்களுக்குக் கட்டாயம் காட்டாதே.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கையெல்லாம் பித்தளை வாடை. நீ கடைசியாகச் செய்த வால்வு என் தலையணை உறைக்குள் இருக்கிறது. சாயங்காலத்திலிருந்து அப்பா அதைத் தேடுகிறார்.

குழாயில் தண்ணீர் வருமுன் காற்று சீறும். அதற்கும் மீட்டர் ஓடும். "காத்துக்குமா பில்லு?" என்று கேட்டுத்தான், காற்றை மட்டும் வெளியே தள்ளும் முதல் வால்வைச் செய்தாய். அந்த வருஷ ஆயுத பூஜையில் அதற்குக் குங்குமம் வைத்து, தெருவையே கூப்பிட்டு, பொரி கொடுத்த கையோடு கழற்றிக் காட்டினாய். பிறகுதான் காப்புரிமைக்கு மனுப் போட்டாய். ஊரறியக் காட்டியது புதியதல்ல என்று மறுத்துவிட்டார்கள்.

நீ அழவில்லை. காப்புரிமைச் சட்டத்தைத் திருத்த அரசாங்கம் யோசனை கேட்ட கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "காட்டின பிறகும் மனுப் போட ஒரு வருஷம் டைம் குடுங்க சார். காட்டாம எங்களை நம்பி யாரு பணம் போடுவாங்க?" கோட்டுப் போட்ட ஒருவர், "மேடம், இது சமையல் குறிப்பு இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா சார். சமையல்னா பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டுத்தான் சாப்பிடுவோம். உங்க சட்டத்துலதான் குடுத்தவளுக்குச் சோறு இல்ல."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சட்டம் திருத்தப்பட்டது, நீ கேட்டது மட்டும் அதில் இல்லை. "ஹோகலி, விடு. அடுத்த தடவையும் கேப்போம்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது வால்வில் உட்கார்ந்தாய்.

நாளை ஆயுத பூஜை. அந்த இரண்டாவது வால்வுக்கான மனுவை வக்கீல் திங்கட்கிழமைதான் தாக்கல் செய்வார். தான் கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று அப்பா நினைக்கிறார். உன் படத்துக்கு முன்னால் வால்வை வைத்து, நீ செய்தது போலவே தெருவுக்குக் காட்ட வேண்டுமாம்.

"வேணாம்பா" என்றேன்.

"ஏன்டி, சாமி காப்பி அடிக்குமா?"

"சாமி அடிக்காது. தெரு அடிக்கும்."

"அவ பேரு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்கும்போது அவர் குரல் உடைந்தது. அவர் முகம் கழுவப் போனதும் வால்வை எடுத்து ஒளித்துவிட்டேன்.

அப்பா அடிப்பார் என்று பயமில்லை. அழுதால் கொடுத்துவிடுவேனோ என்றுதான் பயம். அன்று கூட்டத்தில் மைக்கைத் திருப்பிக் கேட்டபோதும் விடாமல் பிடித்திருந்தாயே, அந்தப் பிடிவாதம் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை வரைக்கும் அது போதும் என்று

கதவைத் தட்டுகிறார். "கண்ணு, முழிச்சிருக்கியா?" அழுத குரல், அம்மா. நான்